குடிநோயிலிருந்து மீளும் பெண்ணுக்கு எடைப் பயிற்சி: ஆறு மாத நிகழ்வு ஆய்வு

உள்ளிருப்பு மறுவாழ்வு மையம் ஒன்றில் தொடங்கி வெளிநோயாளி நிலையில் முடிந்த ஒரு சிகிச்சையின் பதிவு இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. வாரக் கணக்கு பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்பட்டுள்ளது. கடைசியாகக் குடித்த நாளுக்கும் பயிற்சி தொடங்கிய நாளுக்கும் இடையே 22 நாட்கள்.

பின்னணி

நாற்பதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண். கணக்குப் பதிவு வேலை. ஒன்பது ஆண்டுக் குடி, அதில் கடைசி மூன்று ஆண்டுகள் தினமும். பெரும்பாலும் மாலையில், தனியாக, வீட்டாருக்குத் தெரியாமல் குடித்திருக்கிறார். முன்பு இரண்டு முறை சிகிச்சை எடுத்து, இரண்டு முறையும் வீடு திரும்பிய மூன்று மாதத்துக்குள் மறுபடி குடிக்கத் தொடங்கியவர். முன்னாள் துணைவரால் அடிபட்ட வரலாறும் உண்டு. யாராவது பின்னாலிருந்து நெருங்கினால் உடல் விறைத்துவிடும்.

பெண்களுக்குக் குடியின் பாதிப்பு சீக்கிரமே வந்து சேர்கிறது. உடலில் நீரின் விகிதம் ஆண்களைவிடக் குறைவு என்பதால், அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் ஆல்கஹால் அடர்த்தி கூடுதலாக ஏறும். சிகிச்சைக்கு வரும் பெண்களிடம் முதல் பழக்கத்திலிருந்து சார்புநிலை வரையிலான காலமும் சுருங்கியிருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்பது ஆண்டு என்பதைக் குறைவான காலம் என்று எடுத்துக்கொள்ளாததற்கு அதுவே காரணம்.

அவர் சொன்ன குறைகள் மூன்று. படி ஏறினால் தொடை நடுங்குகிறது. கடந்த ஓர் ஆண்டில் குடிக்காத நேரத்திலேயே இரண்டு முறை விழுந்திருக்கிறார். ஒரு பத்தி எண்களைக் கூட்டி முடிப்பதற்குள் எங்கே நின்றோம் என்பது மறந்துவிடுகிறது. மூன்றாவதைத்தான் அவர் பெரிதாக நினைத்தார். “மூளை போயிடுச்சு மேடம், இனி வராது” என்று முதல் சந்திப்பில் இயன்முறை மருத்துவரிடம் சொன்னார்.

பயிற்சிக்கு முன் கண்டவை

சேர்ந்தவுடன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடப்பட்டது. நடை தள்ளாடினாலும் கண் அசைவுக் கோளாறோ குழப்பமோ இல்லை. ஆனாலும் தயமின் குறைவால் வரும் வெர்னிக்கே மூளைப் பாதிப்பை முழுதாக விலக்க முடியாததால் ஊசி தவிர்க்கப்படவில்லை. குறைந்திருந்த மக்னீசியமும் வைட்டமின் டியும் ஈடு செய்யப்பட்டன. திடீர் நிறுத்தத்தின் அறிகுறிகளுக்கான மருந்து படிப்படியாகக் குறைக்கப்பட்டு 9ஆம் நாளில் முடிந்தது. அதன் பிறகு குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோனும், தூக்கத்துக்காக இரவில் டிரசோடோனும் தொடங்கப்பட்டன.

பயிற்சிக்கு அனுமதி தருவதற்கு முன் மருத்துவர் பார்த்தவை: ஓய்வு நாடித்துடிப்பு 100க்குக் கீழே நிலைத்திருப்பது, பொட்டாசியமும் மக்னீசியமும் இயல்பாக இருப்பது, ஈ.சி.ஜி., கால் உணர்ச்சி, இடுப்பு மூட்டு. கடைசியாகச் சொன்னது பல இடங்களில் விட்டுப்போகிறது. நீண்டகாலக் குடி தொடை எலும்பின் தலைப்பகுதிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் கெடுத்து அந்த எலும்பைச் சிதைக்கக்கூடும். அடிவயிற்றுக்குக் கீழே, தொடை இடுக்கில் வலி இருந்தால் படம் எடுத்துப் பார்க்காமல் பாரம் ஏற்றக் கூடாது. இவருக்கு அந்த வலி இல்லை. இரண்டு பாதங்களிலும் லேசான மரப்பு இருந்தது.

தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் நொதியான கிரியேட்டின் கைனேஸ் இயல்பாக இருந்தது. அதை வைத்துத் தசை நலமாக இருக்கிறது என்று முடிவு செய்யவில்லை. குடியால் நாட்பட்டு வரும் தசைத் தேய்வில் இந்த அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதில் முதலில் மெலிவது வேகமாகச் சுருங்கும் இழைகள். தடுக்கி விழப்போகும் நொடியில் காலை முன்னால் வைத்துச் சமாளிக்கத் தேவைப்படுபவையும் அவையே. குடிக்காதபோதும் ஏன் விழுந்தார் என்பதற்கு இது ஒரு விளக்கம். நடையைச் சீராக்கும் சிறுமூளையின் நடுப்பகுதி குடியால் சுருங்குவது இன்னொன்று.

அளவீடுகள்: 30 நொடியில் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்ந்தது 8 முறை. அறுபது முதல் 64 வயதுப் பெண்களுக்கே 12க்குக் கீழே என்றால் குறைவு என்பது வழக்கமான அளவுகோல். கைப்பிடி வலு வலக்கையில் 17 கிலோ, இடக்கையில் 15. முதியோர் தசைத் தேய்வை மதிப்பிட ஐரோப்பிய வழிகாட்டுதல் பெண்களுக்கு வைத்திருக்கும் எல்லை 16. கண் திறந்து ஒற்றைக் காலில் நின்றது 6 நொடி.

மூளைச் செயல்பாட்டுச் சோதனைகள் 20ஆம் நாளில்தான் செய்யப்பட்டன. முதல் வாரத்தில் செய்தால் நிறுத்த அறிகுறிகளையும் அவற்றுக்காகத் தரும் மயக்கமூட்டும் மருந்தையும்தான் அளக்க நேரும். நினைவையும் கவனத்தையும் பார்க்கும் மோகா மதிப்பீட்டில் 30க்கு 22. எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி இணைக்கும் டிரெயில் மேக்கிங் பி சோதனைக்கு 148 நொடி. இரவில் நான்கு, நான்கரை மணிநேரத் தூக்கம்.

ஏன் எடைப் பயிற்சி

மூளைக்கும் உடற்பயிற்சிக்கும் உள்ள தொடர்பில் அதிகம் ஆராயப்பட்டது நடை, ஓட்டம் போன்றவைதான். இருந்தும் ஓட்டம் தவிர்க்கப்பட்டது. மரத்த பாதமும் தள்ளாடும் நடையும் உள்ளவரை ஓடவைத்தால் மூன்றாவது முறையும் விழுவார். தினமும் சமதரையில் 20 நிமிட நடை மட்டும் வைத்துக்கொள்ளப்பட்டது.

எடைப் பயிற்சி மூளைக்கு என்ன செய்யும் என்பதற்கு இருக்கும் சான்றுகளை உள்ளபடியே சொல்ல வேண்டும். வான்கூவரில் 65 முதல் 75 வயது வரையுள்ள 155 பெண்களிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஓராண்டு வாரம் ஒருமுறையோ இருமுறையோ எடைப் பயிற்சி செய்தவர்களின் கவனக் கட்டுப்பாடு மேம்பட்டது. அதே ஆய்வில் அவர்களின் மொத்த மூளைக் கன அளவு, சமநிலைப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைந்திருந்தது. “எடை தூக்கினால் மூளை வளரும்” என்று விளம்பரம் செய்பவர்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை. மெத்தாம்பெட்டமினிலிருந்து மீள்பவர்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், எட்டு வாரம் நடை, ஓட்டம், எடைப் பயிற்சி மூன்றையும் செய்தவர்களுக்கு மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் டோபமின் ஏற்பிகள் கூடின. ஆனால் அதில் இருந்தவர்கள் 19 பேர்தான். முதல் ஆய்வு முதிய பெண்களைப் பற்றியது, அடுத்தது வேறு போதைப்பொருளைப் பற்றியது. இரண்டையும் அப்படியே இவருக்குப் பொருத்த முடியாது.

ஆகவே குழு அவரிடம் மூளை வளர்ச்சி பற்றி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. கொடுத்த காரணங்கள் எளியவை: விழாமல் இருப்பது, தூங்குவது, குடி வேட்கை உச்சத்தில் இருக்கும் நேரத்தை வேறொன்றால் நிரப்புவது, ஒரு வேலையைத் திட்டமிட்டு, எண்ணி, எழுதி முடிக்கும் பழக்கத்தை மீட்பது.

திட்டம்

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு நாள், மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று நாள். இரண்டு அமர்வுகளுக்கு இடையே குறைந்தது 48 மணிநேரம். வேட்கை மாலை 6 மணிக்குத் தொடங்கி ஏழரை வரை நீள்வதாக அவருடைய நாட்குறிப்பு காட்டியதால், பயிற்சி ஐந்தரைக்கு வைக்கப்பட்டது. ஆறே காலுக்கு முடியும், பிறகு குளியல், பிறகு குழு அமர்வு.

பயிற்சிகள் ஆறு. 50 செ.மீ. உயர நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது. சுவரில் கை ஊன்றிப் புஷ்-அப். ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டு மறு கையால் டம்பெல்லை இழுப்பது. முதுகை நேராக வைத்து இடுப்பில் மடங்கி, தரையில் நிறுத்திய 4 கிலோ டம்பெல்லைத் தூக்குவது. கைப்பிடிக் கம்பிக்குப் பக்கத்தில் 15 செ.மீ. படி ஏறுவது. இரு கையிலும் 3 கிலோ எடையுடன் 10 மீட்டர் நடப்பது. முதல் வாரம் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செட், 8 முறை. இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை இரண்டு செட், ஐந்தாம் வாரத்திலிருந்து மூன்று. செட்டுகளுக்கு நடுவே இரண்டு நிமிட ஓய்வு. சிரமத்தை பத்துக்கு அவரே மதிப்பிடுவார். முதல் இரண்டு வாரம் 5ஐத் தாண்டக் கூடாது, ஐந்தாம் வாரத்திலிருந்து 6 அல்லது 7.

தொடக்கம் இவ்வளவு சிறிதாக இருந்ததற்குக் காரணம் உண்டு. மெலிந்த தசையில் முதல் நாளே அதிகம் ஏற்றினால், அதிலும் எடையை மெதுவாக இறக்கும் அசைவுகளைக் கூட்டினால், தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். நீண்டகாலக் குடி இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. மூன்று நாளுக்கு மேல் நீளும் கடும் வலி, தசை வீக்கம், தேநீர் நிறச் சிறுநீர் ஆகிய மூன்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி அன்றே சொல்ல வேண்டும் என்று எழுதியே கொடுக்கப்பட்டது.

எடையை ஒரே தடவையில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்பது பலரும் சொல்லும் விதி. சின்ன டம்பெல்லில் அது செல்லாது. 4 கிலோவிலிருந்து 5க்குப் போனாலே 25 சதவீதம். அதனால் முதலில் எண்ணிக்கை 8இலிருந்து 12 வரை ஏறும். அடுத்தடுத்த இரண்டு அமர்வுகளில் எல்லா செட்டிலும் 12 வந்தால் ஒரு கிலோ கூட்டி மறுபடி 8. இந்தக் கணக்கை அவரே நோட்டில் போட வேண்டும். அன்று செய்ய வேண்டியதைப் பயிற்சிக்கு முன் எழுதி, நடந்ததைப் பக்கத்தில் எழுதி, அடுத்த முறை எடை கூடுமா என்பதை அவரே முடிவு செய்வார். தவறினால் இயன்முறை மருத்துவர் திருத்தாமல், “விதியை ஒருதடவை படிச்சுப் பாருங்க” என்று மட்டும் சொல்வார். படி ஏறும்போது எண்களைப் பின்னோக்கி எண்ணச் சொல்வது போன்ற இரட்டை வேலைகள் சேர்க்கப்படவில்லை. சமநிலை சரியாகும் வரை அவை விழுவதற்கே வழி.

தொட்டுத் திருத்துவதில்லை என்பதும் தொடக்கத்திலேயே முடிவானது. சொல்லியும் செய்துகாட்டியும் மட்டுமே திருத்தம். சொல்லித்தருபவர் எப்போதும் அவர் கண்ணில் படும் இடத்தில் நிற்பார். உடல் எடை அளக்கப்படவில்லை. குடியை விட்டபின் இனிப்பு நாட்டமும் எடையும் கூடுவது சாதாரணம். அந்த எண்ணைக் கண்டு பட்டினி கிடக்கத் தொடங்கும் பெண்கள் உண்டு.

முதல் நான்கு வாரங்கள்

முதல் வாரத் தொடை வலி இரண்டே நாளில் அடங்கியது. மூன்றாம் வாரத்தில், குனிந்து டம்பெல்லைத் தூக்கி நிமிர்ந்ததும் கண் இருட்டிச் சுவரைப் பிடித்தார். அப்போதே படுக்கவைத்துப் பார்த்தபோது ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 126. எழுந்து நின்ற இரண்டாம் நிமிடத்தில் 102. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது நிலைமாற்றத் தாழ் அழுத்தம். டிரசோடோன் ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் என்பதால் மருத்துவர் அதன் அளவைப் பாதியாக்கினார். டம்பெல் தரைக்குப் பதில் 40 செ.மீ. பெட்டிமேல் வைக்கப்பட்டது. மூச்சை அடக்காமல், தூக்கும்போது வெளியே விடுவது மறுபடி சொல்லித்தரப்பட்டது. பத்து நாளில் மயக்கம் நின்றது.

நான்காம் வாரத்தில் ஒரு நாள் பாதிப் பயிற்சியில் ஒன்றும் சொல்லாமல் வெளியேறினார். அன்று கேட்டபோது தலைவலி என்றார். மறுநாள் ஆலோசகரிடம் சொன்னது வேறு: “டம்பெல்லைத் துடைக்கிற அந்தத் திரவத்தோட வாசனை வந்ததும் வாய் ஊறிப்போச்சு.” ஆல்கஹால் கலந்த கிருமிநாசினி. அன்றே அது எடுக்கப்பட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி வந்தது. குடித்தால் உடல் ஒவ்வாமல் போகச் செய்யும் மருந்தான டைசல்ஃபிரம் எடுப்பவர்களுக்கு இந்த மாற்றம் இன்னும் அவசியம். அந்த மருந்து உடலில் இருக்கும்போது, தோலிலும் மூச்சிலும் சேரும் ஆல்கஹால்கூடச் சிலருக்கு முகச்சிவப்பையும் படபடப்பையும் வரவழைக்கும்.

ஆறாம் வாரம்

எண்கள் வேகமாக ஏறின. இடுப்பில் மடங்கித் தூக்குவது 9 கிலோவைத் தொட்டது. நோட்டில் கணக்குப் பிழை குறைந்தது. கூடவே வேறொன்றும் தெரிந்தது. ஓய்வு நாள் என்றால் எரிச்சல், ஒரு அமர்வு தள்ளிப்போனால் அழுகை. வலி நான்கு நாளாகியும் போகாதபோது விசாரித்ததில், இரவில் அறையில் தனியாக 200 ஸ்குவாட் வரை செய்துகொண்டிருந்தது தெரியவந்தது. மாலையில் அதிகம் சாப்பிட்ட நாட்களில்தான் அது நடந்திருந்தது.

சிறுநீர் நிறம் மாறவில்லை. கிரியேட்டின் கைனேஸ் 1,900ஆக ஏறியிருந்தது. சிறுநீரகச் செயல்பாடும் பொட்டாசியமும் இயல்பு. ஐந்து நாள் முழு ஓய்வும் போதிய தண்ணீரும் பரிந்துரைக்கப்பட்டன. மறு சோதனையில் 310.

குழுவில் இருவகைக் கருத்து இருந்தது. கட்டாயமாக மாறிய பயிற்சியை முழுதாக நிறுத்த வேண்டும் என்றார் ஆலோசகர். நிறுத்தினால் அந்த மாலை நேரம் மறுபடி காலியாகும் என்றார் இயன்முறை மருத்துவர். கடைசியில் பயிற்சி தொடர்ந்தது, ஆனால் நோட்டில் மேல்வரம்பு வந்தது: ஒரு அமர்வில் அதிகபட்சம் 18 செட், வாரத்தில் மூன்று நாள், அதற்கு மேல் எது செய்தாலும் எழுத வேண்டும், எழுதியதற்காக யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். உணவுக் கோளாறுக்கான தனி மதிப்பீடும் சிகிச்சையும் தொடங்கின. அடுத்த மாதத்தில் மூன்று முறை வரம்பை மீறி, மூன்றையும் எழுதியிருந்தார்.

எட்டாம் வார முடிவில் வீடு திரும்பினார். பயிற்சிக்கு மட்டும் மையத்துக்கு வந்துபோனார்.

பன்னிரண்டாம் வார அளவீடு

நாற்காலி எழுச்சி 8இலிருந்து 14. கைப்பிடி வலு வலக்கையில் 23 கிலோ, இடக்கையில் 21. ஒற்றைக் காலில் 21 நொடி. இடுப்பில் மடங்கித் தூக்குவது இரண்டு கையிலும் சேர்த்து 20 கிலோ. ஆறு மணிநேரத் தூக்கம். இடையில் ஒரு முறைகூட விழவில்லை. மோகா 26, டிரெயில் மேக்கிங் பி 96 நொடி.

கடைசி இரண்டு எண்களைப் பயிற்சியின் கணக்கில் எழுதக் கூடாது. குடியை நிறுத்திய முதல் சில மாதங்களில் மூளைத் திசுவின் கன அளவும் கவனமும் ஓரளவு தாமாகவே மீள்கின்றன. தயமின் ஈடானது, தூக்கம் நீண்டது, மயக்க மருந்து நின்று நாளானது. மோகாவுக்கு மாற்று வடிவம் பயன்பட்டாலும், ஒரே வகைச் சோதனையை இரண்டாம் முறை எழுதும் பழக்கமும் சில புள்ளிகளைத் தரும். பயிற்சியின் பங்கு இவ்வளவு என்று ஒரே ஆளை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. கால் வலு, விழாமல் இருந்தது ஆகியவற்றில் அதன் பங்கை இன்னும் உறுதியாகச் சொல்லலாம். நோட்டைப் பொறுத்தவரை ஒரு கவனிப்பு மட்டும்: முதல் மாதம் பெரும்பாலான அமர்வுகளில் விதியை மறுபடி படிக்கச் சொல்ல வேண்டியிருந்தது, மூன்றாம் மாதத்தில் ஒரு முறைதான்.

பதினைந்தாம் வாரச் சறுக்கல்

சொல்லித்தருபவர் விடுப்பில் போனதால் ஒரு வாரம் பயிற்சி இல்லை. வீட்டில் டம்பெல் இல்லை. இரண்டு மாலைகள் குடித்தார். மூன்றாம் நாள் காலை அவரே தொலைபேசியில் அழைத்தார். குடித்த நாட்களில் நால்ட்ரெக்சோனையும் நிறுத்தியிருந்தார்.

வந்த அன்று பயிற்சி தரப்படவில்லை. நாடி, அழுத்தம், நடுக்கம் பார்க்கப்பட்டன, ஈ.சி.ஜி. எடுக்கப்பட்டது, தயமினும் நால்ட்ரெக்சோனும் தொடர்ந்தன. குடித்த மறுநாள்களில் உடல் நீர் இழந்திருக்கும், இதயத் துடிப்பு தடம் மாறும் வாய்ப்பு கூடியிருக்கும், தசை தன்னைச் சீர்செய்யும் வேகமும் குறைந்திருக்கும். “இன்னிக்கு டபுளா செஞ்சுடறேன்” என்று அவர் கேட்டதற்கு, குடித்ததற்கான தண்டனையாகப் பயிற்சி ஆகிவிடக் கூடாது என்ற காரணமும் சொல்லப்பட்டது. நான்காம் நாள், பழைய செட்டுகளில் பாதி, எடையில் 60 சதவீதம். இரண்டு வாரத்தில் பழைய அளவு திரும்பியது.

வீட்டுத் திட்டம் அப்போதுதான் எழுதப்பட்டது. 15 நிமிடம், மாலை ஐந்தரைக்கே. முதுகுப்பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள், பாட்டிலுக்கு ஒரு கிலோ என்று கணக்கு. ஆறு பாட்டிலில் தொடங்கி, பையை மார்போடு அணைத்து நாற்காலி எழுச்சி 3 செட், இடுப்பில் மடங்கித் தூக்குவது 3 செட், சுவர்ப் புஷ்-அப் 2 செட். பாட்டில்களுக்கு இடையே துணி திணிக்க வேண்டும், இல்லையென்றால் பாரம் ஒரு பக்கமாகச் சரிந்து முதுகை இழுக்கும்.

ஆறாம் மாத முடிவில்

சறுக்கலுக்குப் பிறகு குடிக்கவில்லை. கைப்பிடி வலு வலக்கையில் 25 கிலோ, மோகா 27. அரைநாள் வேலைக்குத் திரும்பினார். நீண்ட பத்திகளைக் கூட்டும்போது இன்னும் விரலை வைத்தே போகிறார். பெயர்களை நினைவுகூர்வது மெதுவாகவே இருக்கிறது. பாத மரப்பு மாறவில்லை. மாதவிடாய் சீரானது, அதற்குப் பயிற்சியையோ குடிநிறுத்தத்தையோ தனித்தனியே காரணம் காட்ட முடியவில்லை.

நடைமுறையில் மாற்றப்பட்டவை

இப்போது படுத்து, நின்று இருநிலையிலும் ரத்த அழுத்தம் முதல் அமர்வுக்கு முன்பே பார்க்கப்படுகிறது. உணவுக் கோளாறு குறித்த கேள்விகள் சேர்க்கையிலேயே கேட்கப்படுகின்றன. கிருமிநாசினி பயிற்சி அறைக்குள் வருவதில்லை.

மற்ற போதைகளிலிருந்து வரும் பெண்களுக்குத் திட்டம் அப்படியே பொருந்தாது. ஓபியாய்டு (அபின் வகை) போதைக்கு மாற்று மருந்தான மெத்தடோன் எடுப்பவருக்கு, இதயத் துடிப்பு தடம் மாறும் ஆபத்தைக் காட்டும் கியூ-டி இடைவெளியை ஈ.சி.ஜி.யில் பார்க்காமல் தொடங்குவதில்லை. நீண்டகால ஓபியாய்டு எலும்பையும் மாதவிடாயையும் பாதிப்பதால், அங்கே குதிக்கும் பயிற்சிகளுக்கு அவசரம் இல்லை. மலச்சிக்கலால் முக்கிப் பழகியவர்கள் எடை தூக்கும்போதும் மூச்சை அடக்குவார்கள். ஊக்கப் போதைப்பொருள்களிலிருந்து வருபவர்களுக்கு இதயச் சோதனை முதலில். கர்ப்பம் இருக்கலாம் என்றால் அந்தச் சோதனை எல்லாவற்றுக்கும் முன்.

பெரிய மாற்றம் வீட்டுத் திட்டத்தில்தான். அது மூன்றாம் வாரத்திலேயே எழுதப்பட்டு, உள்ளிருப்பின்போதே வாரத்தில் ஒரு அமர்வு டம்பெல் இல்லாமல் பையும் பாட்டிலுமாக நடக்கிறது. சொல்லித்தருபவர் விடுப்பு எடுக்கும் வாரத்துக்கு மாற்று ஆள் முன்கூட்டியே குறிக்கப்படுகிறார். ஆள் கிடைக்காவிட்டால் ஐந்தரை மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போகும். மறுமுனையில் நோட்டைத் திறந்து அன்றைய வரிசையை வாசிக்கச் சொல்வார்கள்.